எல்லைக்கோட்டுக்குள் டேட்டன்

ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தைப் பற்றிய மக்கள்தொகை, பொருளாதார விவரங்களை ஒரே பக்கத்தில் தொகுத்துத் தருவது பல ஆண்டுகளாக என் வேலை. திட்டமிடல் துறையில் இருக்கும் நாங்கள் அதை 'புரொஃபைல்' என்போம். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் தொண்டு அமைப்பு, புதுக் கிளை திறக்க நினைக்கும் மருத்துவமனை, கிடங்கு கட்ட இடம் தேடும் கம்பெனி, தேர்தலில் நிற்பவர் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அதில் இருப்பது இவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,37,644. பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் கறுப்பினத்தவர். நான்கில் ஒருவருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே. ஆள் குடியிருக்கும் வீடுகளில் சுமார் பாதி வாடகை வீடுகள். வாங்கிப் பார்ப்பவர் 'ஏழை ஊர்' என்று முடிவு கட்டி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். எண்களில் தவறில்லை. ஆனால் அவை அப்படி ஆனதற்கான பெரிய காரணம் அந்தப் பக்கத்தில் அச்சாவதே இல்லை. நகராட்சியின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் அது. இந்த வேலையில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

1960-ல் டேட்டனின் மக்கள்தொகை 2,62,332. அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கேட்பவர்கள் ஊரே காலியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். டேட்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் அடக்கிய மான்ட்கமரி, கிரீன், மயாமி ஆகிய மூன்று கவுண்டிகளையும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்த்துப் பார்த்தால் 2020-ல் 8,14,000 பேர். இது 1960-ல் இருந்ததைவிட அதிகம். ஆக, வட்டாரம் சுருங்கவில்லை. நடுவில் இருக்கும் நகரம் மட்டும் சுருங்கியிருக்கிறது. போனவர்களில் பலர் வெகுதூரம் போகவில்லை. தெற்கே கெட்டரிங், சென்டர்வில், கிழக்கே பீவர்கிரீக் என்று காரில் பதினைந்து இருபது நிமிடத் தூரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். அவை எல்லாம் தனித்தனி நகராட்சிகள், தனித்தனிப் பள்ளி மாவட்டங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது எளிதில் பிடிபடாது. 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூரும் ஆலந்தூரும் திருவொற்றியூரும் அரசு முடிவு ஒன்றினால் சென்னைக்குள் வந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வரியும் கூடவே வந்தது. ஒஹாயோவில் நகராட்சியாகிவிட்ட ஒரு புறநகரை அப்படிச் சேர்த்துவிட முடியாது. அங்குள்ளவர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். நல்ல வரி வருமானமும் நல்ல பள்ளியும் இருக்கும்போது யார் சம்மதிப்பார்கள்?

இதே மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸ் வேறு வழியில் போனது. 1950-களிலேயே அது, தண்ணீரும் சாக்கடை இணைப்பும் வேண்டுமென்றால் நகரத்தோடு சேர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வளரும் புறநகர் நிலமெல்லாம் அதன் எல்லைக்குள் வந்தது. 2020-ல் கொலம்பஸின் மக்கள்தொகை 9,05,748. டேட்டனுக்கு நிலத்தடி நீர் வளம் அபாரமானது. அந்த நீரை அது எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் விற்றது. ஒஹாயோ நகரங்களை ஒப்பிடும் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் 'கொலம்பஸ் வளர்கிறது, டேட்டன் தேய்கிறது' என்று எழுதுவார்கள். ஒன்றின் எல்லைக்குள் அதன் புறநகர்கள் கிடக்கின்றன, மற்றதன் எல்லைக்குள் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் விடாமல் வாதாடி வருகிறேன்.

இனி வேலைவாய்ப்பு. ஒரு நூறாண்டுக்கு முன் உலகத்தின் கருவிப் பட்டறைகளில் ஒன்றாக இருந்த ஊர் இது. 1879-ல் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுக்கடைக்காரர், கல்லாவில் இருப்பவர்கள் பணத்தை எடுக்காமல் இருக்க ஓர் இயந்திரம் செய்தார். அதுதான் கேஷ் ரெஜிஸ்டர். அந்த உரிமையை வாங்கி 1884-ல் ஜான் பேட்டர்சன் தொடங்கியது நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி, அதாவது என்.சி.ஆர். அங்கே வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங் பின்னாளில் காரைக் கையால் சுழற்றாமலே கிளப்பும் மின் ஸ்டார்ட்டரைச் செய்தார். 1912-ன் கேடிலாக் காரில் அது வந்தது. அதே ஊரின் மேற்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

1913 மார்ச்சில் பெரிய வெள்ளம். மயாமி பள்ளத்தாக்கில் 360-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேட்டர்சன் தன் தொழிற்சாலையில் படகுகள் செய்ய வைத்து ஆட்களை மீட்டார். அதன்பின் இந்த வட்டார மக்கள் மத்திய அரசின் பணத்துக்குக் காத்திராமல், தாங்களே வரி போட்டுக்கொண்டு, ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரை வைத்து ஐந்து அணைகளைக் கட்டி 1922-ல் முடித்தார்கள். சாதாரண நாளில் அந்த அணைகளில் தண்ணீர் தேங்காது. வெள்ளம் வரும்போது மட்டும் பிடித்து நிறுத்தி மெல்ல விடும். அந்த ஐந்தும் இன்றுவரை ஊரைக் காத்துவருகின்றன. இதை நான் நெகிழ்ச்சியோடுதான் எழுதுகிறேன். நதிக்கு நகராட்சி எல்லை தெரியாது என்பதால் பல கவுண்டிகள் சேர்ந்து ஒரே அமைப்பாக நின்ற ஊர் இது. வெள்ளத்துக்குச் செய்ததை வேலைக்கும் வரிக்கும் பள்ளிக்கும் செய்யவில்லை.

என்.சி.ஆர். உச்சத்தில் டேட்டனில் மட்டும் இருபதாயிரம் பேர் வரை வேலைக்கு வைத்திருந்தது. பல்சக்கர இயந்திரம் போய் எலெக்ட்ரானிக்ஸ் வந்த 1970-களில் சில ஆண்டுகளுக்குள் அதில் பெரும்பகுதி கரைந்தது. இரும்பைக் கடைந்து ஆயிரம் உதிரிகளைப் பொருத்த வேண்டிய இடத்தில் ஒரு சர்க்யூட் பலகை போதும் என்றானபோது கடைசல்காரர்களுக்கு வேலை இல்லை. 2009-ல் தலைமையகமே ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனது. தொழிற்சாலை நின்ற இடத்தையும் தலைமையகத்தையும் டேட்டன் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. 

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2008 டிசம்பர் 23 அன்று, ஜெனரல் மோட்டார்ஸின் மொரைன் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டது. இங்கேயும் எல்லைக்கோடுதான் பேச வேண்டியிருக்கிறது. மொரைன் டேட்டனை ஒட்டி இருந்தாலும் தனி நகராட்சி. நாடெங்கும் 'டேட்டனில் கார்த் தொழிற்சாலை மூடல்' என்றே செய்தி வந்தது. வரி இழப்போ மொரைனுக்கு. ஆனால் வேலை இழந்தவர்களில் எத்தனையோ பேர் டேட்டன் தெருக்களில் குடியிருந்தார்கள். வீட்டுக்கடன் கட்ட முடியாமல் அவர்கள் விட்டுப்போன வீடுகள் டேட்டனின் கணக்கில் காலி வீடுகளாக ஏறின.

பிறகு அந்தக் கட்டடத்தைச் சீனாவின் ஃபூயாவ் கண்ணாடிக் கம்பெனி வாங்கி, 2016-ல் கார்க் கண்ணாடித் தொழிற்சாலையாகத் திறந்தது. அதைப் பற்றிய 'அமெரிக்கன் ஃபேக்டரி' ஆவணப்படத்துக்கு 2020-ல் ஆஸ்கார் கிடைத்தது. ஜி.எம்.மில் மணிக்கு 29 டாலருக்கு மேல் வாங்கியவர் இங்கே 12.84 டாலர் வாங்குவதாக அந்தப் படத்தில் ஓர் அம்மா சொல்வார். அந்தக் காட்சியை என்னோடு வேலைக்குப் புதிதாகச் சேருகிற எல்லாரையும் பார்க்கச் சொல்வேன். புரொஃபைலில் 'உற்பத்தித் துறை வேலைகள்' என்ற வரி இரண்டு ஆட்களையும் ஒன்றாகத்தான் எண்ணும். ஒருவர் அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார். இன்னொருவர் அக்காவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். வேலை எண்ணிக்கைக்குக் கீழேயே மொத்தச் சம்பளப் பட்டியலையும் போடாத புரொஃபைலை என் மேசையிலிருந்து நான் வெளியே விடுவதில்லை.

இன்று வட்டாரத்தைத் தாங்கி நிற்பது ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம். ஒரே வளாகத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் வேலை செய்கிறார்கள். மாநிலத்தில் ஒரே இடத்தில் இவ்வளவு பேருக்கு வேலை தரும் இடம் வேறில்லை. விமானம் வாங்குவது, சோதிப்பது, ஆராய்வது எல்லாம் அங்கே. அதைச் சுற்றி ஒப்பந்தக் கம்பெனிகள், பொறியாளர்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. பீவர்கிரீக்கில் இருக்கும் இந்துக் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தபோது அப்படி ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். 

"அண்ணா, நீங்க இந்த சென்சஸ் வேலைதானே பாக்கறீங்க? வீடு வாங்கலாம்னு இருக்கோம். டேட்டன்னு தேடினா வருமானம் நாப்பதாயிரம் டாலரை ஒட்டிதான் வருது. ஆனா இங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"நீ தேடின டேட்டன் வேற, நீ இருக்கிற டேட்டன் வேற தம்பி," என்றேன். அவருடைய கடித முகவரியிலும் டேட்டன் என்றுதான் இருந்தது. அஞ்சல் துறைக்கு அது டேட்டன். நகராட்சிக்கு அது பீவர்கிரீக், வேறு கவுண்டி. அவர் கேட்டதை நான் இன்றும் என் துறைக் கூட்டங்களில் சொல்கிறேன். பத்து நிமிடம் மேற்கே காரோட்டினால் வேறொரு உலகம் இருக்கிறது என்பது தெரியாமலேயே ஒரு நல்ல மனிதர் இங்கே இருபது ஆண்டு வாழ்ந்துவிட முடியும். ஓக்வுட் என்று ஒரு சின்ன நகராட்சி, டேட்டனைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அங்கே நடுக் குடும்பத்தின் வருமானம் லட்சம் டாலரைத் தாண்டும். சாலையைக் கடந்தால் பாதிக்கும் கீழே.

வரி விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒஹாயோவில் நகராட்சிகள் வருமான வரி விதிக்கின்றன, அதுவும் முதலில் வேலை செய்யும் இடத்தில். டேட்டனில் அது 2.5 சதவீதம், 2016 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு 2.25-லிருந்து உயர்த்தினார்கள். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி நான்கு வயதுக் குழந்தைகளின் முன்பள்ளிக்குப் போகிறது. ஏழை ஊர் என்று பெயரெடுத்த ஊர், தன் மேல் தானே வரியை ஏற்றிக்கொண்டு குழந்தைகளுக்குக் கொடுத்தது என்பதை நான் பெருமையாகச் சொல்வேன். நகராட்சியின் பொது நிதிக்கு மிகப் பெரிய வருவாய் இந்த வரிதான். டேட்டனுக்குள் இருக்கும் வேலைகளைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் பார்க்கிறார்கள்: மருத்துவமனை, பல்கலைக்கழகம், கவுண்டி அலுவலகம், காப்பீட்டுக் கம்பெனி. ஆக, காலையில் வந்து மாலையில் போகிறவர்களின் சம்பளத்தில்தான் தெருவிளக்கும் தீயணைப்பும் ஓடுகின்றன. விமானத்தளமோ எல்லைக்கு வெளியே. டேட்டனில் குடியிருப்பவர் அங்கே வேலை பார்த்தால் ஒழிய, வட்டாரத்தின் மிகப் பெரிய சம்பளப் பட்டியலிலிருந்து டேட்டனுக்கு வரி வராது.

2020-ல் கொரோனா வந்து அலுவலக வேலையெல்லாம் வீட்டுக்குப் போனது. சென்டர்வில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை எந்த ஊர் வேலை? சட்டமன்றம் தற்காலிகமாகப் பழைய இடத்துக்கே வரியைத் தொடரச் செய்தது; அந்த ஏற்பாடு 2021-ஓடு முடிந்தது. அந்த மாதங்களில் எங்களுக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஒரே அட்டவணையைச் சுற்றியவை: யார் எங்கே குடியிருக்கிறார், எங்கே வேலை செய்கிறார். முன்பு யாரும் சீண்டாத அட்டவணை அது.

நகரத்துக்குள்ளேயே இன்னொரு கோடு ஓடுகிறது. அது கிரேட் மயாமி ஆறு. ஆற்றுக்கு மேற்கே பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்கிறார்கள். இது தானாக அமைந்ததில்லை. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடத்தில் மேற்குப் பகுதி சிவப்பால் தீட்டப்பட்டது. கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று பொருள். அடுத்த தலைமுறையில் புறநகர்களில் வீடுகள் எழுந்தபோது வெள்ளைக்காரருக்குக் கிடைத்த கடன் கறுப்பினத்தவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு 75-ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை அறுத்துக்கொண்டு போனது. ரைட் சகோதரர்கள் வாழ்ந்ததும், அவர்களுடைய பள்ளித்தோழரான கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் வாழ்ந்ததும் இந்த மேற்குப் பக்கத்தில்தான். ரைட்களின் வீட்டையும் சைக்கிள் கடைகளில் ஒன்றையும் 1930-களில் ஹென்றி ஃபோர்டு விலைக்கு வாங்கி, பெயர்த்தெடுத்து மிச்சிகனுக்குக் கொண்டுபோய்விட்டார். 

வேலை கிழக்கிலும் ஆட்கள் மேற்கிலும் இருந்தால் நடுவில் பேருந்து வேண்டும். டேட்டனில் 1933 முதல் மேலே மின்கம்பி பிடித்து ஓடும் டிராலி பஸ்கள் உண்டு. அமெரிக்காவில் இன்று விரல்விட்டு எண்ணும் ஊர்களில்தான் அவை இருக்கின்றன. ஆனால் பீவர்கிரீக்கின் பெரிய மாலுக்கு அருகே பேருந்து போகவில்லை. அங்கே வேலை கிடைத்தவர்கள் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நெடுஞ்சாலை மேம்பாலத்தின் மேல் நடந்து போவார்கள். போக்குவரத்துக் கழகம் மூன்று நிறுத்தங்கள் கேட்டது. 2011-ல் பீவர்கிரீக் நகரசபை மறுத்தது. டேட்டனில் சர்ச்சுகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்திடம் புகார் கொண்டுபோனது. 2013-ல் நிர்வாகம், இது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. 2014 ஜனவரியில் பேருந்துகள் நிற்கத் தொடங்கின. அந்த வழக்கில் எடுபட்டது என்னைப் போன்றவர்கள் செய்யும் அட்டவணைதான்: பேருந்தில் வருபவர்களில் கறுப்பினத்தவர் எத்தனை, பீவர்கிரீக்கில் எத்தனை. எண்களுக்கு வேலை உண்டா என்று சந்தேகப்படும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இது.

எண்கள் எப்படி வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில் வருமானம், படிப்பு, வேலை எதுவும் இப்போது கேட்பதில்லை. 2000 வரை ஆறு வீட்டுக்கு ஒரு வீட்டுக்கு நீண்ட படிவம் போனது. பிறகு அதை நிறுத்திவிட்டு 'அமெரிக்க சமூக ஆய்வு' என்று ஆண்டுதோறும் நாடு முழுதும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்புகிறார்கள். சிறிய பகுதிகளுக்கு ஓராண்டு மாதிரி போதாது. ஐந்தாண்டைச் சேர்த்துக் கலக்கித்தான் தருவார்கள். நான்காயிரம் பேர் வாழும் ஒரு டிராக்ட்டுக்கு (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி), உதாரணமாக, ஐந்து வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகள் 120 என்று அட்டவணை சொன்னால், பக்கத்துக் கட்டத்தில் கூட்டல் கழித்தல் 90 என்று நிற்கும். அதாவது முப்பதும் இருக்கலாம், இருநூற்றுப் பத்தும் இருக்கலாம். பலர் அந்தப் பக்கத்துக் கட்டத்தை அழித்துவிட்டு முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதை நான் தொழில் துரோகம் என்றே கருதுகிறேன். முப்பது குழந்தைக்கு ஒரு செவிலியர் போதும். இருநூறு குழந்தைக்கு ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும்.

ஐந்தாண்டைக் கலக்குவதில் வேறு சிக்கலும் உண்டு. 2019 மே 27 இரவு சூறாவளிகள் இந்த வட்டாரத்தைத் தாக்கின. பழைய வடக்கு டேட்டனிலும் ஹாரிசன் டவுன்ஷிப்பிலும் வாடகைக் குடியிருப்புகள் கூரை பிய்ந்து போயின. அங்கிருந்தவர்கள் உறவினர் வீடுகளுக்குச் சிதறினார்கள். அடுத்து வந்த பல அட்டவணைகளில் சூறாவளிக்கு முந்தைய வீடுகளும் பிந்தைய வெற்று மனைகளும் ஒரே சராசரிக்குள் கிடந்தன. எந்த ஆண்டிலும் எவரும் வாழாத ஒரு தெருவை அந்தச் சராசரி காட்டியது. அந்த மாதிரி இடங்களுக்கு நான் கவுண்டியின் சொத்துப் பதிவு, தண்ணீர் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பேன். மீட்டர் ஓடுகிறதா, தபால் பெட்டி நிரம்பி வழிகிறதா, புல் வெட்டியிருக்கிறதா.

அப்படி நடக்கும்போதுதான் பாட்டிகளைக் கவனித்தேன். 2017-ல் மான்ட்கமரி கவுண்டியில் மட்டும் போதை மருந்து அளவு மீறி 566 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஃபென்டனில் என்ற போதைப்பொருளால். அடுத்த ஆண்டு அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அளவு மீறியவர்களை மீட்கும் நலோக்சோன் மருந்தை ஊரெல்லாம் கொடுத்தார்கள், சிகிச்சைக்கு மாநிலக் காப்பீடு கிடைத்தது, கவுண்டியும் நகரமும் மருத்துவமனையும் சேர்ந்து வேலை செய்தார்கள். அணைகளுக்குப் பிறகு கோட்டைத் தாண்டி எல்லாரும் கைகோத்த இன்னொரு தருணம் என்று அதைச் சொல்வேன். ஆனால் இறந்தவர்கள் இளந்தாய் தந்தையர் வயதுக்காரர்கள். சமூக ஆய்வில் ஒரு கேள்வி உண்டு: உங்களோடு இருக்கும் பேரக்குழந்தைகளின் தேவைகளுக்கு நீங்கள்தான் பொறுப்பா, எவ்வளவு காலமாக? அந்த அட்டவணையை முன்பெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கிழக்குப் பகுதியில் ஒரு வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் அந்தக் கேள்வி பற்றிச் சொன்னேன். "அஞ்சு வருஷத்துக்கு மேலன்னு ஒரு கட்டம் இருக்கா? அதுல போட்டுக்கோங்க. என் ஓய்வூதியத்தை வெச்சு மூணு பேர வளக்கறேன்," என்றார். புரொஃபைலில் அவர் 65 வயதைக் கடந்தவர் என்ற வரியில் ஒருவர். அந்த வரியை வைத்து ஊருக்கு முதியோர் இல்லம்தான் திட்டமிடுவார்கள். அதன்பிறகு பேரக்குழந்தை வளர்ப்பவர்கள் என்று தனி வரி சேர்த்தேன். இடம் போதவில்லை என்று சொன்னவர்களிடம், வேறு எதை வேண்டுமானாலும் எடுங்கள், இதை எடுக்காதீர்கள் என்றேன்.

2000-க்கும் 2010-க்கும் இடையில் டேட்டன் பதினைந்து சதவீதம் மக்களை இழந்தது. அடுத்த பத்தாண்டில் இழப்பு மூன்று சதவீதத்துக்கும் கீழே. இந்த மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். 2011-ல் 'வெல்கம் டேட்டன்' என்ற திட்டத்தை நகர ஆணையம் ஏற்றது. குடியேறிகளை வரவேற்போம் என்று ஒரு நகரமே தீர்மானம் போட்டது. அதற்குமுன்பே வரத் தொடங்கியிருந்தவர்கள் அஹிஸ்கா துருக்கியர்கள். 1944 நவம்பரில் ஸ்டாலின் இவர்களை சோவியத் ஜார்ஜியாவிலிருந்து மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தினார். 1989-ல் உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில் கலவரம் வந்து அங்கிருந்தும் ஓடினார்கள். ரஷ்யாவின் கிராஸ்னதார் பகுதியில் குடியுரிமையே இல்லாமல் கிடந்தார்கள். அமெரிக்கா அகதிகளாக ஏற்றது. வெவ்வேறு ஊர்களில் இறக்கிவிடப்பட்டவர்கள், வீட்டு விலை குறைவு என்று கேள்விப்பட்டு டேட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய வடக்கு டேட்டனில் கூரை ஒழுகிக் கிடந்த வீடுகளை வாங்கினார்கள், தாங்களே சரிசெய்தார்கள், லாரி ஓட்டினார்கள், பிறகு லாரிக் கம்பெனி வைத்தார்கள்.

புரொஃபைலில் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இனக் கட்டத்தில் 'வெள்ளையர்'. பிறந்த நாட்டில் அப்பாவுக்கு உஸ்பெகிஸ்தான், மகனுக்கு ரஷ்யா, பேத்திக்கு அமெரிக்கா. சிறு பகுதிகளின் மொழி அட்டவணையில் துருக்கி மொழிக்குத் தனி வரி கிடையாது, தமிழுக்கும் கிடையாது. நூறு கஜத்துக்கு ஒரு புதுக் கூரை தெரியும் தெருவில் நின்றுகொண்டு, என் அட்டவணையில் அங்கே எதுவுமே மாறவில்லை என்று பார்ப்பது சங்கடமானது. வீடு விற்பனைப் பதிவுகளையும் பள்ளியில் எழுதித்தரும் வீட்டு மொழியையும் வைத்துத்தான் இவர்களைத் தாளில் கொண்டுவர முடிந்தது. 

சரியான எண்ணை யாரும் வைத்திருக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024-ல் பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பார்த்தோம். அதுவும் டேட்டன் மாதிரி ஆலைகள் போய்ச் சுருங்கிய ஊர். 2020-ல் 58,662 பேர். ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களும் சேர்த்து அந்தக் கவுண்டியில் 12,000 முதல் 15,000 குடியேறிகள் இருக்கலாம் என்று நகராட்சி மதிப்பிட்டது. தேர்தல் மேடைகளில் அதைவிடப் பெரிய எண்கள் ஓடின, கூடவே பொய்க் கதைகளும். பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. வகுப்பறைகளும் சுகாதார நிலையமும் கூடுதல் ஆட்களுக்கு உதவி கேட்டு முன்பே குரல் கொடுத்திருந்தன. அவை கேட்டது நியாயமான, எண்ணிச் சொல்லக்கூடிய தேவை.

ஆகவேதான் முகவரிப் பட்டியலை நான் இவ்வளவு மதிக்கிறேன். கணக்கெடுப்புக்கு ஈராண்டு முன்பு, மத்திய அரசு தன்னிடம் உள்ள முகவரிகளை உள்ளூராட்சிகளிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லும். 2018-ல் அதைச் செய்தோம். பூட்டிய அறை, ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஒரு முகவரியை வெளியே சொன்னால் சிறைத் தண்டனை வரை உண்டு. ஒரே வீட்டில் பின்பக்கக் கதவு தனிக் குடும்பத்துக்கு, கடைக்கு மேல் மாடி அறை, கீழ்த்தளத்தில் இன்னொரு அடுப்பு. பட்டியலில் இல்லாத கதவுக்குப் படிவம் போகாது. 2020-ல் கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. பல்கலைக்கழகங்கள் மார்ச்சிலேயே மூடி மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. விதிப்படி அவர்கள் வழக்கமாக வாழும் டேட்டனில்தான் எண்ணப்பட வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைப் புரியவைக்கக் கடிதமும் தொலைபேசியுமாக நாங்கள் பட்ட பாடு பெரிது.

வடமேற்குப் பகுதியில் இருந்த பெரிய மருத்துவமனை 2018-ல் மூடப்பட்டது. மளிகைக் கடைகள் முன்பே போய்விட்டன. அங்குள்ளவர்கள் பங்குப் பணம் போட்டு, சேலம் அவென்யூவில் 'ஜெம் சிட்டி மார்க்கெட்' என்ற கூட்டுறவுக் கடையை 2021 மே மாதம் திறந்தார்கள். அந்தப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று, குழந்தைகளுக்கான சிகிச்சை நிலையம் கேட்டு விண்ணப்பிக்க என்னிடம் எண் கேட்டு வந்தது. அட்டவணையைக் கூட்டல் கழித்தலோடு அப்படியே கொடுத்தேன். தலைவராக இருந்த முன்னாள் தபால்காரர், "இவ்வளவு இடைவெளி இருந்தா நாங்களே எண்ணிடறோமே. கதவெல்லாம் எனக்குத் தெரியும்," என்றார். எண்ணினார்கள். எந்த வீட்டில் எத்தனை குழந்தை, கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது, எப்படிப் போனார்கள். எப்படிக் கேட்க வேண்டும், ஒரே குழந்தையை இரண்டு வீட்டில் எண்ணாமல் இருப்பது எப்படி என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுடைய எண் என் அட்டவணை சொன்ன வரம்புக்குள், மேல் ஓரத்தில் வந்து நின்றது. இரண்டும் விண்ணப்பத்தில் சேர்ந்து போயின.

அவர்கள் எண்ணும்போது கண்ட இன்னொரு விஷயத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். பல வீடுகளில் தாய்மார் இரவு வேலைக்குப் போகிறார்கள், கிழக்கிலும் வடக்கிலும் உள்ள கிடங்குகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லை. வேலைக்குக் கிளம்பும் நேரம் பற்றி ஆய்வில் ஓர் அட்டவணை இருக்கிறது, குடியிருக்கும் இடத்தை வைத்து ஒன்று, வேலை செய்யும் இடத்தை வைத்து ஒன்று. இரண்டையும் மூன்று கவுண்டிகளுக்கும் சேர்த்து, நகராட்சி எல்லைகளை எடுத்துவிட்டு, பேருந்துத் தடங்களின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதப் போக்குவரத்துக் கூட்டத்துக்கு அவர்கள் அதை எடுத்துப் போகிறார்கள்.